பொதிகளைச் சோதிக்கும் காலமும் முறையும்

ஒரு மென்பொருள் பழுதின்றி இயங்குகிறதா என்று பார்ப்பது அதை எழுதியவரின் கடமை என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இராது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், ஒருவரையொருவர் அறியாமல், வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு எழுதி வெளியிட்ட நிரல்களையெல்லாம் ஒன்றுதிரட்டி, அவை ஒரே கணிப்பொறியில் முரண்படாமல் குடியிருக்கும்படி அமைத்து, பொதுமக்களிடம் ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஒரு ஸ்தாபனம், அந்தச் சோதனையை எப்போது, எவ்விதம், எவரைக் கொண்டு நடத்த வேண்டும் என்ற கேள்வி எளிதில் தீர்ந்துவிடுவதன்று.

கட்டற்ற மென்பொருள் உலகில் இந்தப் பொறுப்பைத் தாங்குபவை லினக்ஸ் விநியோகங்கள். அவற்றுள் டெபியனை இக்கட்டுரையின் பிரதான உதாரணமாகக் கொள்கிறேன். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி இயான் மர்டாக் அறிவித்த அந்தத் திட்டம் இன்றளவும் தொண்டர்களாலேயே பரிபாலிக்கப்பட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. ஒரு நிரலின் கோப்புகள், அதை நிறுவும் விதிகள், அது நம்பியிருக்கும் பிற நிரல்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டிய உருவமே பொதி. உபுண்டுவும், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும், இன்னும் பல விநியோகங்களும் டெபியனை அஸ்திவாரமாகக் கொண்டவை. ஆகையால் அங்கே நடைபெறும் சோதனையின் பலனும், அங்கே நேரும் பிழையின் தீங்கும், அதன் எல்லையைத் தாண்டி வெகுதூரம் பரவுகின்றன.

இங்கே நான் நிலைநாட்ட விரும்புவது இதுதான்: சோதனை என்பது ஏதோ ஒரு வேளையில் ஒருமுறை நடத்தி முடித்துவிடும் சடங்கு அன்று. பொதி கட்டப்படும்போதும், நிறுவப்படும்போதும், பிற பொதிகளோடு சேரும்போதும், மனிதர் கையில் புழங்கும்போதும், ஆண்டுகள் சில கழிந்து மறுபடி கட்டப்படும்போதும், அந்தந்தக் கட்டத்துக்குரிய வேறு வேறு கேள்விகளைக் கேட்பதே அதன் முறை. அக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளில் அற்பமென்று தோன்றும் எச்சரிக்கையையும் காரணம் விளங்கும்வரை விசாரிப்பதே அதன் உயிர்.

கட்டும் வேளையில்

நிரலை எழுதியவர் தம் கணிப்பொறியில் ஏற்கெனவே சோதித்துத்தானே வெளியிட்டிருக்கிறார், அதே சோதனைகளை விநியோகம் மறுபடி ஓட்டுவது வீண் சிரமம் அல்லவா என்று கேட்கக்கூடும். வீண் அன்று என்பதற்குக் காரணங்கள் பல. ஆசிரியர் தமக்குப் பழக்கமான நூலகங்களை, தாம் விரும்பும் பதிப்பில், தம் நிரலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். விநியோகத்திலோ ஒரு நூலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே பிரதி, அதையே நூற்றுக்கணக்கான நிரல்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆசிரியரிடம் இருப்பது அநேகமாக இன்டெல் வகைக் கணிப்பொறி. டெபியனோ அதோடு ஏஆர்எம் வகைகளுக்கும், ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணிப்பொறியான எஸ்390எக்ஸ் வகைக்கும் சேர்த்தே பொதிகளைக் கட்டுகிறது. எஸ்390எக்ஸ், ஓர் எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் இன்டெல்லுக்கு நேர்மாறான வரிசையில் வைப்பது. சி மொழியின் எழுத்து வகை மாறி, இன்டெல்லில் குறியுடைய எண்ணாகவும் ஏஆர்எம்மில் குறியற்ற எண்ணாகவும் கொள்ளப்படுகிறது. இந்த வேற்றுமைகளை அறியாமல் எழுதப்பட்ட நிரல், ஆசிரியரின் மேஜையில் ஒரு பிழையும் காட்டாமல், பிற இயந்திரங்களில் தவறான விடை தரும். நின்றுபோனால் தெரிந்துவிடும், பிசகான விடையைத் தந்துகொண்டே ஓடினால் சோதனை ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே பொதியைக் கட்டும் வேளையிலேயே, நிரலோடு வரும் சோதனைகளை ஓட்டிவிடுவது டெபியனில் இயல்பான வழக்கம். அவை தோற்றால் கட்டும் பணியே தோற்றதாகக் கொள்ளப்படும். ஃபெடோரா முதலிய ஆர்பிஎம் வகை விநியோகங்களில், பொதியின் செய்முறைக் கோப்பில் இதற்கெனத் தனிப் பகுதி உண்டு. நிரல்களைப் பயனரின் கணிப்பொறியிலேயே கட்டும் ஜென்டூவில் மட்டும், காலமும் மின்சாரமும் கருதி, இது பயனரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. கட்டும்போது இணையத்தை நாடக்கூடாது என்று டெபியனின் கொள்கை நூல் விதிக்கிறது. வெளியிலிருந்து எதையோ தருவித்துத் தேறும் சோதனை, அந்த வெளியிடம் மறைந்த நாளில் தோற்றுப்போகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் அவசியம் புலப்படும். 2019ஆம் ஆண்டில் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது: பராமரிப்பாளர் தம் வீட்டுக் கணிப்பொறியில் கட்டி அனுப்பிய பொதி அடுத்த பதிப்பில் இடம்பெறாது, திட்டத்தின் பொதுக் கணிப்பொறிகளில் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டதே செல்லும். இவற்றோடு, பொதி விதிகளுக்கு இணங்க அமைந்திருக்கிறதா என்று நிரலை ஓட்டாமலே ஆராயும் லிண்டியன் என்ற கருவி 1998ஆம் ஆண்டிலிருந்து பயன்பட்டு வருகிறது.

நிறுவிய பின்னர்

கட்டும் வேளைச் சோதனைக்கு ஓர் இயற்கையான குறை உண்டு. அது சோதிப்பது கட்டுமிடத்தில் கிடக்கும் நிரலையே அன்றி, பயனரின் கணிப்பொறியில் நிறுவப்பட்ட நிரலை அன்று. ஒரு கோப்பு பொதியில் சேராமல் விட்டுப்போனாலும், சார்ந்திருக்க வேண்டிய நூலகம் பட்டியலில் குறிக்கப்படாமல் போனாலும், கட்டுமிடத்தில் அவை எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் குறை வெளிப்படாது.

இக்குறையை நீக்க இரு கருவிகள் தோன்றின. லார்ஸ் விர்சேனியஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய பையுபார்ட்ஸ் என்ற கருவி, வெறுமையான ஒரு டெபியன் சூழலில் பொதியை நிறுவும், பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு உயர்த்தும், பின்பு அடியோடு நீக்கும். நீக்கிய பிறகு ஏதேனும் எச்சம் தங்கியிருக்கிறதா, வேறொரு பொதிக்குச் சொந்தமான கோப்பின்மேல் இது கைவைத்ததா என்று கணக்கெடுக்கும். நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பது அதன் விசாரணைக்கு அப்பாற்பட்டது. வந்து போகும் ஒழுங்கே அதன் கவனம். ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற மற்றொரு கருவி, பொதியை நிறுவிய நிலையில் அதைப் பயனர் பயன்படுத்துவது போலவே இயக்கிப் பார்க்கிறது. எந்தச் சோதனையை, எந்தத் துணைப் பொதிகளோடு, எத்தகைய தனிமைப்படுத்திய சூழலில் ஓட்ட வேண்டும் என்பதைப் பராமரிப்பாளர் பொதியின் மூலத்திலேயே ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறார்.

இக்கருவியின் விதிகளில் இரண்டு என் மனத்தை மிகவும் கவர்ந்தவை. நிரலின் பதிப்பெண்ணைக் கேட்டுப் பெறுவது போன்ற மேலெழுந்தவாரியான சோதனை நடத்தினால், அது மேலோட்டமானது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். அதற்குரிய மதிப்பே அதற்குக் கிடைக்கும், முழுச் சோதனையின் சலுகை கிடைக்காது என்பது ஒன்று. சோதனை வெற்றிக் குறியோடு முடிந்தாலும், பிழைச் செய்திகளுக்கான தாரையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தாலும் அது தோல்வியாகவே கொள்ளப்படும், வேண்டுமென்று விலக்கு அளித்திருந்தாலன்றி என்பது மற்றொன்று. காரியம் முடிந்துவிட்டது, ஆனால் ஏதோ முனகல் கேட்டது என்ற நிலையைத் தேறியதாக ஏற்க மறுக்கும் இவ்விதி எவ்வளவு ஆழ்ந்த அனுபவத்தில் விளைந்தது என்பதைப் பின்னர் கூறப்போகும் இரு நிகழ்ச்சிகள் தெளிவாக்கும்.

பிற பொதிகளின் நடுவே

தனித்தனியே சுருதி சேர்த்த வாத்தியங்களும் மேடையில் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டியிருப்பது போல, தனியே தேறிய பொதிகளையும் சமூகத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். டெபியன் இதற்காக மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. புதிய பொதி முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற நிலையற்ற தொகுதியில் நுழைகிறது. அங்கிருந்து ‘டெஸ்டிங்’ என்ற சோதனைத் தொகுதிக்குச் செல்கிறது. அத்தொகுதி காலக்கிரமத்தில் உறையவைக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, ‘ஸ்டேபிள்’ என்ற நிலையான பதிப்பாக வெளிவருகிறது. 2000ஆம் ஆண்டில் நடுத்தொகுதி ஏற்படுத்தப்படும்வரை, முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதை உருவாக்கும் காரியம் மிகவும் துன்பம் தருவதாக இருந்தது.

முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லும் வாசலில் பிரிட்னி என்ற நிரல் காவல் நிற்கிறது. எல்லா இயந்திர வகைகளிலும் பொதி கட்டப்பட்டுவிட்டதா, முன்பு இல்லாத கடுமையான பிழை எதுவும் அதன்மேல் பதிவாகியிருக்கிறதா, இது உள்ளே சென்றால் ஏற்கெனவே உள்ள வேறு பொதி எதையும் நிறுவ முடியாமல் போகுமா என்று அது விசாரிக்கிறது. வழக்கமான புதுப்பித்தலுக்கு 5 நாட்களும், அவசரமில்லாததற்கு 10 நாட்களும், அவசரத் திருத்தத்துக்கு 2 நாட்களும் காத்திருப்புக் காலம். 2018ஆம் ஆண்டிலிருந்து ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் முடிவுகளும் இந்த விசாரணையில் சேர்ந்தன: முதலில் தோல்வி கண்ட பொதிக்குத் தாமதம், பின்னர் தடையே; தேறிய பொதிக்குக் காத்திருப்பில் சலுகை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வந்தால், அந்த நூலகத்தின் சோதனைகள் மட்டும் ஓடுவதில்லை. அதை நம்பியிருக்கும் ஏனைய பொதிகளின் சோதனைகளும், புதிய நூலகத்தைச் சோதனைத் தொகுதியின் நடுவே வைத்து, ஓட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தோற்றால், உடனே புதுப்பொதியைக் குற்றவாளியாக்கிவிடாமல், பழைய நூலகத்தோடும் அதே சோதனை தோற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தபின்பே தீர்ப்பு வழங்கப்படுகிறது. குற்றத்தையும் தற்செயலையும் பிரித்தறியும் இந்த நியாயம் இல்லாவிடில், அடிக்கடி தோற்று அடிக்கடி தேறும் சஞ்சலமான சோதனைகள் பராமரிப்பாளரின் நம்பிக்கையையே குலைத்துவிடும்; நம்பிக்கை குலைந்த சோதனையை எவரும் படிப்பதில்லை.

பிற விநியோகங்களும் தத்தம் வழியில் இதே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் பதிப்பு, ஓப்பன்கியூஏ என்ற கருவியால் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியாகிறது. அக்கருவி மெய்நிகர் கணிப்பொறி ஒன்றைத் தொடங்கி, விசைகளை அழுத்தி, திரையில் தோன்றும் காட்சியை முன்பே சேமித்த மாதிரிப் படங்களோடு ஒப்பிடுகிறது. உபுண்டுவில், வெளிவந்துவிட்ட பதிப்புக்கு வரும் சாதாரணத் திருத்தம் குறைந்தது 7 நாட்களேனும் முன்மொழிவுத் தொகுதியில் தங்கி, அது தீர்ப்பதாகச் சொல்லும் பிழை தீர்ந்ததென்று மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

காலத்தின் நடுவே

இயந்திரங்கள் நடத்தும் சோதனை முடிந்த பின்னும் காலம் நடத்தும் சோதனை எஞ்சி நிற்கிறது. டெபியனின் ஒரு பதிப்பு 3 ஆண்டுகளும், நீண்டகால ஆதரவோடு சேர்த்து 5 ஆண்டுகளும் பேணப்படுகிறது. இந்த இடைவெளியில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால், பழைய பொதியைத் திருத்தி மறுபடி கட்டியாக வேண்டும். அப்போது அதன் சோதனைத் தரவுகளில் இருக்கும் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தால், திருத்தத்தில் ஒரு பிழையும் இல்லாமலே சோதனை தோற்று, அவசரமான மருந்து தடைப்பட்டுப்போகும். ஒரே மூலநிரலிலிருந்து எப்போது கட்டினாலும் அட்சரம் பிசகாத அதே பொதி கிடைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலிருந்து டெபியனில் நடைபெற்றுவரும் முயற்சியில், இரண்டாம் முறை கட்டும்போது கணிப்பொறியின் கடிகாரத்தை ஓராண்டுக்கு மேல் முன்னே தள்ளிவைக்கிறார்கள். நாளைக்கு வரப்போகும் தோல்வியை இன்றே வரவழைத்துப் பார்க்கும் இந்த முறை எல்லா விநியோகங்களும் மேற்கொள்ளத்தக்கது.

அடக்கப்பட்ட எச்சரிக்கை

இனி அந்த இரு நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மறைக்குறியீட்டுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் டெபியன் பொதியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. நினைவகப் பிழைகளைக் கண்டறியும் வால்கிரைண்ட் என்ற கருவி, மதிப்பு ஏற்றப்படாத நினைவகத்தை இந்நூலகம் படிக்கிறது என்று ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக, ஒரே மாதிரியான இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேடு இல்லாதது. மற்றொன்றோ, முன்கூட்டி அறிய முடியாத எண்களை உண்டாக்குவதற்கான மூலச்சரக்கு முழுவதையும் உள்ளே கொண்டுசேர்க்கும் வரி. அது போனபின் எஞ்சிய ஒரே வேறுபாடு, இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் வரிசை எண். அது 32,768க்குள் அடங்குவது.

இந்த மாற்றத்தை அன்றைய எந்தச் சோதனையும் தடுக்கவில்லை. ஏனெனில் அந்த எண்களைக் கொண்டு உண்டான ஒவ்வொரு மறைக்குறியீட்டுச் சாவியும் தனியே பார்த்தால் இலட்சணம் பிசகாத சாவி. அதைக்கொண்டு மறைத்த செய்தி மீண்டது, இட்ட கையொப்பம் ஒத்தது. பல்லாயிரம் சாவிகளை உண்டாக்கி, அல்லது பல கணிப்பொறிகளின் சாவிகளைத் திரட்டி, ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்டிருந்தால் மட்டுமே குறை புலப்பட்டிருக்கும். அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, லூசியானோ பெல்லோவின் கண்டுபிடிப்பின் விளைவாக எச்சரிக்கை அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 20 மாதங்கள் கடந்திருந்தன. உபுண்டுவும் அதே குறையைச் சுவீகரித்திருந்தது. பொதியைப் புதுப்பித்தால் மட்டும் போதவில்லை. அக்காலத்தில் உண்டாக்கிய சாவிகளையெல்லாம் உலகெங்கும் தேடித்தேடி அழித்துப் புதியன செய்யவேண்டியதாயிற்று.

மதிக்கப்பட்ட எச்சரிக்கை

2024ஆம் ஆண்டில் நேர்ந்தது இதன் மறுபுறம். தரவுகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளர் பதவிக்கும் உயர்ந்த, ஜியா டான் என்ற பெயர் பூண்ட ஒருவர், பிப்ரவரி மாதம் வெளிவந்த 5.6.0 பதிப்பில் ஒரு பின்வாசலை ஒளித்து வைத்தார். எங்கே ஒளித்தார் என்பது சோதனையைப் பற்றி எண்ணுபவர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி: சோதனைக் கோப்புகளிலேயே ஒளித்தார். சிதைந்த தரவு வந்தால் நூலகம் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே சிதைத்து வைத்த கோப்புகளுக்கு நடுவே, அத்தகையது போன்றே தோன்றும் கோப்பில் நஞ்சு இருந்தது. அதை வெளியே எடுக்கும் கட்டளையோ பொதுக் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கான மூலநிரல் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாக இன்டெல் வகை இயந்திரத்துக்குக் கட்டும் வேளையில்தான் அது விழித்துக்கொண்டது. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரல் இயல்பாக இந்நூலகத்தை நாடுவதன்று. சில விநியோகங்கள் அதை சிஸ்டம்டி என்ற அமைப்போடு இணைத்ததால், அதன் வழியே இந்நூலகமும் உள்ளே வந்தது. தனித்தனியே எவ்வளவு பார்த்தாலும் தெரியாத தீங்கு, சேர்க்கையில் பிறந்தது.

அப்பொதி எல்லா இயந்திரச் சோதனைகளையும் தேறி டெபியனின் சோதனைத் தொகுதிக்குள்ளும் சென்றுவிட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஆக்குநர்களுள் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், நிலையற்ற தொகுதி நிறுவப்பட்ட கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனையில் வால்கிரைண்ட் எழுப்பிய விநோதமான முறையீடு ஒன்றும் அவர் நினைவில் இருந்தது. இரண்டையும் இணைத்து, மூலகாரணத்தைத் தேடிச்சென்று, மார்ச் 29ஆம் தேதி உண்மையை உலகுக்கு அறிவித்தார். நிலையான பதிப்பை அந்த நஞ்சு எட்டவே இல்லை. 2006இல் வால்கிரைண்டின் குரலை அடக்கியதால் ஒரு பெருந்தீங்கு உள்ளே நுழைந்தது. 2024இல் அதே கருவியின் குரலை மறவாதிருந்ததால் அதனினும் பெரிய தீங்கு வாசலிலேயே பிடிபட்டது.

முடிவு

இவற்றிலிருந்து பெறத்தக்க முடிவுகள் தெளிவானவை. இயந்திரச் சோதனை இன்றியமையாதது. அறுபதினாயிரம் பொதிகளை மனிதர் கையால் திரும்பத் திரும்பச் சோதிப்பது இயலாத காரியம். ஆயினும் முன்பே அறிந்த கேள்வியை மட்டுமே இயந்திரம் கேட்கும். புதிய கேள்வியை எழுப்ப, நிலையற்ற தொகுதியைத் தம் அன்றாட வேலையில் பயன்படுத்தும் விழிப்புள்ள மனிதர்களும், அவர்கள் கண்டு சொல்வதற்குப் போதுமான அவகாசமும் வேண்டும். உறைநிலைக் காலம் நீள்கிறது, பதிப்பு தாமதமாகிறது என்று குறைகூறுவோர், அந்தத் தாமதமே ஒரு சோதனை என்பதை உணர வேண்டும். சோதனைத் தரவுகளும் நிரலைப் போலவே பிறர் பார்வைக்கும் விசாரணைக்கும் உட்பட வேண்டும்; மூலத்திலிருந்து மறுபடி உண்டாக்க முடியாத கோப்பு எதுவும் எளிதில் நம்பத்தக்கதன்று.

பொதிகளைப் பராமரிப்போர்க்கு என் வேண்டுகோள் மூன்று. ஒரு பிழையைத் திருத்தும்போதெல்லாம், திருத்தத்துக்கு முன் தோற்று, திருத்திய பின் தேறும் ஒரு சோதனையையும் கூடவே எழுதுங்கள். தோற்கும் சோதனை ஒன்றை நிறுத்திவைக்க நேர்ந்தால், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை அங்கேயே எழுதிவையுங்கள். காரணம் விளங்காத எச்சரிக்கையை ஒருபோதும் அடக்காதீர்கள். வாசகர்களுள் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், தாம் காணும் சிறு பிசகையும் முறையாகப் பதிவுசெய்து, இந்தப் பொதுப்பணியில் தமக்குரிய பங்கை ஏற்க வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் இச்செல்வத்தை நம்பத்தக்கதாக வைத்திருக்கும் பொறுப்பு, அதை ஆக்குவோர்க்கு மட்டுமன்றி, அதை அனுபவிக்கும் நம் அனைவர்க்கும் உரியது.